மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருக்கும்போது எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வும் பதற்றமும் ஒன்றாகவே இருந்து வருகின்றன, காலையில் படுக்கையை விட்டு எழ மனம் வருவதில்லை, இரவிலோ நெஞ்சு படபடத்துத் தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் தந்த மாத்திரையால் ஓரளவு பலன் இருக்கிறது. ஆனாலும் நாட்கள் வீணே கழிகின்றன. எண்ணங்களோடு வாதாடிப் பார்த்து அலுத்துவிட்டது. செயல்களை மாற்றுவதன் வழியே மனநிலையை மாற்ற முயலும் நடத்தைச் சிகிச்சைப் பயிற்சிகளில் சோர்வுக்கானதை முதலில் எடுப்பதா, பதற்றத்துக்கானதை முதலில் எடுப்பதா என்பதே உங்கள் கேள்வி. மனநலச் சிகிச்சையில் பல ஆண்டுகள் பணியாற்றி வருகிறேன். இதே கேள்வியோடு வருபவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டில் எது முதலில் என்று பிரிக்க வேண்டியதில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது தவிர்த்தல். ஒரு நண்பரின் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "எடுத்தால் என்ன கேட்பாரோ, எப்படிச் சமாளிப்பேன்" என்கிறது பதற்றம். "எடுத்து என்ன ஆகப்போகிறது" என்கிறது சோர்வு. காரணம் வேறாக இருந்தாலும் கை செய்வது ஒன்றுதான்: போன் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. அடுத்த நிமிடம் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி உண்மையானது, அதுதான் சிக்கலும்கூட. ஏனெனில் அடுத்த முறை போன் அடிக்கும்போது, எடுக்காமலிருப்பது முன்பைவிட எளிதாகிவிடும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயம் அன்று. 1940களில் மௌரர் என்ற உளவியலாளர், அச்சம் ஒரு வழியில் கற்றுக்கொள்ளப்பட்டாலும் அதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது தவிர்த்தலால் கிடைக்கும் நிம்மதியே என்று விளக்கினார். 1973இல் ஃபெர்ஸ்டர் மனச்சோர்வை நடத்தையின் பக்கமிருந்து ஆராய்ந்து, சோர்ந்தவரின் நாளில் விரும்பத்தகாதவற்றிலிருந்து விலகி ஓடும் செயல்கள் மிகுந்து, வாழ்க்கையிடமிருந்து எதையாவது பெற்றுத்தரும் செயல்கள் குறைந்துபோகின்றன என்று எழுதினார். லெவின்சன் அதே காலகட்டத்தில், நல்ல அனுபவங்களைத் தரும் செயல்கள் குறையக் குறையச் சோர்வு ஆழமாகிறது, சோர்வு ஆழமாக ஆகச் செயல்கள் மேலும் குறைகின்றன என்ற சுழலைக் காட்டினார். ஒருவர் அச்சத்திலிருந்து புறப்பட்டவர், மற்ற இருவரும் சோர்விலிருந்து புறப்பட்டவர்கள். போய்ச் சேர்ந்த இடம் ஏறத்தாழ ஒன்றே.

எண்ணங்களோடு வாதாடித் தோற்றது உங்கள் குறை என்று நினைக்க வேண்டாம். எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரோன் பெக்கே, சோர்வு கடுமையாக உள்ளவர்களிடம் எண்ண ஆராய்ச்சியை முதலில் தொடங்கவில்லை. நாளை மணிவாரியாகத் திட்டமிடுவதில்தான் தொடங்கினார். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் அந்தச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, செயல்களைத் திட்டமிட்டுச் செய்யும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாக வேலை செய்தது தெரியவந்தது. 2016இல் பிரிட்டனில் 440 பேரைக் கொண்டு நடந்த ஒப்பீட்டிலும், குறைந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள் நடத்திய செயல் தூண்டல் சிகிச்சை (செயல்களைத் திட்டமிட்டுச் செய்யும் அதே முறை), தேர்ந்த சிகிச்சையாளர்கள் நடத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. எண்ண ஆராய்ச்சிக்கும் இடம் உண்டு. ஆனால் நாள் முழுவதும் அறைக்குள் கிடக்கும் ஒருவரிடம் "நான் உதவாக்கரை" என்ற எண்ணத்தை மறுக்கச் சொன்னால், மறுப்பதற்கு அவரிடம் சாட்சியே இருக்காது. சாட்சியைச் செயல்தான் தர வேண்டும்.

முதல் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். பதிவு மட்டும் செய்யுங்கள். ஒரு தாளில் ஏழு நாட்களுக்கான கட்டங்களை வரைந்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ன செய்தீர்கள் என்பதை நாலைந்து சொற்களில் எழுதுங்கள். பக்கத்தில் சோர்வுக்கு ஒன்றும் பதற்றத்துக்கு ஒன்றுமாக 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி எண் என்பது முக்கியம். 1991இல் கிளார்க்கும் வாட்சனும் முன்வைத்த விளக்கத்தின்படி, மனவேதனை இரண்டு நோய்க்கும் பொது; மகிழ்ச்சி வற்றிப்போவது சோர்வுக்கே உரியது; உடல் விறைத்துப் படபடப்பது பதற்றத்துக்கே உரியது. ஒரே சொல்லில் "மனசு சரியில்லை" என்று எழுதிவைத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். காலை 8 மணி: படுக்கை, போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன், சோர்வு 8, பதற்றம் 4. 9 மணி: அதே, சோர்வு 8, பதற்றம் 6. 10 மணி: அலுவலக மெயிலைத் திறக்கப்போய் மூடிவிட்டேன், சோர்வு 7, பதற்றம் 8. 11 மணி: மீண்டும் படுத்தேன், சோர்வு 9, பதற்றம் 3. 12 மணி: வேறு வழியில்லாமல் குளித்தேன், சோர்வு 6, பதற்றம் 3. இந்த ஐந்து வரிகளிலேயே எவ்வளவோ இருக்கிறது. மீண்டும் படுத்தபோது பதற்றம் 8இலிருந்து 3க்கு இறங்கியது; அதற்கு விலையாகச் சோர்வு 7இலிருந்து 9க்கு ஏறியது. இரண்டும் சேர்ந்திருப்பவரின் தாளில் நான் திரும்பத் திரும்பக் காணும் கொடுக்கல் வாங்கல் இது. பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் காரியமே சோர்வுக்குத் தீனியாகிறது. குளியலையும் பாருங்கள். விரும்பிச் செய்யவில்லை, ஆனாலும் சோர்வு மூன்று புள்ளி குறைந்தது. இதை நினைவிலிருந்து கேட்டால் "அன்று முழுவதும் மோசம்" என்றுதான் பதில் வரும். சோர்வுற்ற நினைவு அப்படித்தான் கணக்கெழுதும். ஆகவே அந்தந்த மணியிலேயே எழுதிவிட வேண்டும், இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதக் கூடாது.

அடுத்த வாரம் தாளைப் பார்த்து, எங்கெல்லாம் நிம்மதி கிடைத்து விலை பின்னால் வந்தது என்று குறியிடுங்கள். தவிர்த்தல் எப்போதும் ஓடி ஒளிவதாகத் தோற்றமளிக்காது. மெயிலைப் பத்து முறை படித்துத் திருத்தி அனுப்பாமல் விடுவது, கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வருவது, முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அலமாரியை அடுக்குவது, "இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டு தொடங்கலாம்" என்று மணிக்கணக்கில் நோயைப் பற்றியே படிப்பது இவையெல்லாம்கூட அதன் முகங்கள்தாம்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவரை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடித உறை அவர் வீட்டு மேசையில் கிடந்தது. முதலில் அதைக் குப்புறப் போட்டார். பிறகு அதன் மேல் ஒரு செய்தித்தாளை வைத்தார். ஒரு வாரம் கழித்து இழுப்பறைக்குள் தள்ளினார். அதற்குப் பிறகு அந்த இழுப்பறையில் இருந்த கத்தரிக்கோலை எடுக்கக்கூடப் போகாமல், பார்சல்களைப் பல்லால் கடித்துப் பிரித்தார். உறைக்குள் வேலை நீக்க உத்தரவு இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். "எவ்வளவு உறுதி?" என்று கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறு என்றார்.

நாங்கள் உறையைத் திறக்கச் சொல்லித் தொடங்கவில்லை. முதல் நாள் காலை 10 மணிக்கு இழுப்பறையிலிருந்து எடுத்து, முகப்பு மேலே தெரியும்படி மேசையில் வைத்துப் பத்து நிமிடம் எதிரே உட்கார்வது மட்டுமே வேலை. மறுநாள் உறையைக் கையில் எடுத்து அனுப்பியவர் முகவரியைச் சத்தமாகப் படிப்பது. மூன்றாம் நாள் கிழித்துத் திறப்பது. படிப்பது கட்டாயமில்லை என்று வைத்திருந்தோம். அவர் படித்துவிட்டார். ஒரு சான்றிதழின் நகலைக் குறிப்பிட்ட நாளுக்குள் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த நாள் கடந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. நல்ல செய்தி என்று சொல்ல முடியாது, பேரிடியும் இல்லை. ஒரு போன் செய்து, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, நகலை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நடப்பவை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. "எல்லாம் நன்றாகவே முடியும்" என்று நான் யாருக்கும் உறுதி தருவதில்லை. மனம் போட்டுக்காட்டும் கணக்குக்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம்.

இங்கே இரண்டு நோயும் சேர்ந்திருப்பதால் வரும் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. புத்தகங்களில் இதற்குப் போதிய இடம் தரப்படுவதில்லை என்பது என் எண்ணம். பதற்றம் மட்டும் உள்ளவர் அஞ்சிய காரியத்தைச் செய்துமுடித்தால், "நினைத்த மாதிரி ஆகவில்லையே" என்ற வியப்பு அவருக்குள் தங்கிவிடும். சோர்வும் உள்ளவருக்கு அது தங்குவதில்லை. உறையைத் திறந்தவர் மறுவாரம் என்னிடம், "ஒரு கடிதத்தைப் பிரிக்க மூன்று நாள் எடுத்துக்கொள்கிற ஆள் நான்" என்றார். போனில் பேசியதைப் பற்றி, "பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள்" என்றார். பதற்றத்தோடு போராடிப் பெற்ற பாடத்தைச் சோர்வு வாசலிலேயே பறித்துக்கொண்டது. இதற்கு மருந்து, செய்வதற்கு முன்பே எழுதிவைப்பது. என்ன நடக்கும் என்று அஞ்சுகிறேன், எத்தனை விழுக்காடு உறுதி, நடந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதுங்கள். செய்து முடித்த ஐந்து நிமிடத்துக்குள் நடந்ததை அப்படியே கீழே எழுதுங்கள். "எப்படி உணர்ந்தேன்" என்பதற்கு முன் "என்ன நடந்தது" வர வேண்டும். எழுத்தில் இருப்பதை மறுப்பது சோர்வுக்குச் சற்றுக் கடினம்.

இனித் திட்டமிடுதல். மனம் வந்ததும் செய்யலாம் என்று காத்திருப்பது இயல்பான அறிவாகத் தோன்றும். நலமாக இருக்கும் காலத்தில் ஆசை முன்னே வரும், செயல் பின்னே வரும். சோர்வில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. செயல் முன்னே போனால்தான் ஆசை பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. எனவே செயலை மனநிலையோடு கட்டாமல் கடிகாரத்தோடு கட்டுங்கள். "நாளை நடக்கப் போக வேண்டும்" என்பது திட்டமாகாது. "நாளைக் காலை 7.30க்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்புவேன், மழை பெய்தால் வீட்டுக்குள் பத்து நிமிடம்" என்பது திட்டம். மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுக்கு அதைச் சிறிதாக்குங்கள். அரை மணி நேர நடை கனக்கிறது என்றால் ஐந்து நிமிடம். அதுவும் கனக்கிறது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது. இவ்வளவு சிறிய செயலைத் திட்டம் என்று எழுதப் பலருக்கும் வெட்கமாக இருக்கிறது. காலில் கட்டுப் போட்டவர் முதல் நாள் இரண்டடி நடப்பதற்கு யாரும் வெட்கப்படச் சொல்வதில்லை.

ஒரு நாளைக்கு மூன்று செயல்கள் போதும். ஒன்று கடமையைச் சேர்ந்தது, ஒன்று முன்பு உங்களுக்குப் பிடித்திருந்தது, ஒன்று நீங்கள் அஞ்சித் தள்ளிவைத்தது. அஞ்சியவற்றை மட்டுமே அடுக்கினால், ஏற்கெனவே வற்றிய மனம் இரண்டு வாரத்தில் களைத்துக் கைவிட்டுவிடும். இன்பமானவற்றை மட்டும் அடுக்கினால் அச்சங்கள் அப்படியே காத்திருக்கும். முன்பு பிடித்திருந்தது இப்போது சுவைக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாட்டுக் கேட்டால் பாட்டு வெறும் ஓசையாக இருக்கும். அதற்கு 10க்கு 1 மதிப்பெண் போட்டாலும் எழுதிவையுங்கள்; சில வாரங்கள் கழித்து அது 2 ஆகும் நாளை வேறு எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது.

அஞ்சியதை எதிர்கொள்ளும்போது நாம் கையோடு கொண்டுபோகும் ஊன்றுகோல்களையும் கவனிக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகிறவர் கதவருகில்தான் உட்கார்வார். கடைக்குப் போகிறவர் துணையில்லாமல் போக மாட்டார். பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேசும்போது நடுக்கம் தெரியாமலிருக்க இரு கைகளையும் இறுகக் கோத்துக்கொள்வார். சிகிச்சையாளர்கள் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். காரியம் நல்லபடி முடிந்தாலும் மனம் அந்தப் பெருமையை ஊன்றுகோலுக்கே கொடுத்துவிடும் என்பதுதான் இவற்றால் வரும் இழப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கீழே போட வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை விட்டுவிட்டுச் செய்து பாருங்கள். படபடப்பு முற்றிலும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. உளவியலாளர் மிஷெல் க்ராஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் வலியுறுத்துவதுபோல, பழைய அச்சம் அழிந்துபோவதில்லை. அதற்குப் பக்கத்தில் "இதோடும் இருக்க முடியும்" என்ற புதிய பாடம் வளர்ந்து அதை அடக்குகிறது. ஒரே செயலை வேறு வேறு இடங்களில், வேறு வேறு நேரங்களில், வேறு வேறு மனிதர்களோடு செய்து பார்க்கச் சொல்வது அந்தப் பாடம் வேரூன்றுவதற்காகத்தான்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றியும் உடல் தளர்வைப் பற்றியும் ஒரு சொல். எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சி இன்றும் பயனுள்ளதுதான். கை, தோள், முகம், வயிறு, கால் என ஒவ்வொரு பகுதியையும் ஐந்து முதல் ஏழு வினாடி இறுக்கி, அதைவிட நீண்ட நேரம் தளரவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதுதான் முறை. தினமும் குறிப்பிட்ட நேரத்தில் பழகினால் நாள் முழுவதும் இழுத்துப் பிடித்திருக்கும் உடலின் விறைப்பு குறையும். ஆனால் கூட்டத்தின் நடுவே படபடப்பு எழும்போதெல்லாம் அதை அணைக்கும் தீயணைப்பானாக இதைக் கையாளத் தொடங்கினால், மூச்சும் தளர்வும்கூட ஊன்றுகோல்களாகிவிடும். சிலருக்குத் தளர்வே பதற்றத்தைக் கிளப்புவதும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, குறைந்த நேரம் செய்து பார்க்கலாம்.

வெளியே தெரியாத தவிர்த்தல் ஒன்று இருக்கிறது. அது மனத்துக்குள்ளேயே நடக்கிறது. நடந்துபோனதை மாடு அசைபோடுவதுபோல் திரும்பத் திரும்ப மெல்லுவது சோர்வின் வேலை. வரப்போவதை எண்ணி எண்ணி மருகுவது பதற்றத்தின் வேலை. இரண்டுமே சிந்திப்பதுபோன்ற தோற்றம் தருவதால், ஏதோ ஒரு முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஓர் எளிய சோதனை சொல்கிறேன். இரண்டு நிமிடம் சிந்தித்த பிறகு, செய்யக்கூடிய ஓர் அடுத்த செயல் உருவானதா? உருவானால் அது சிந்தனை, எழுதிவைத்துச் செய்யுங்கள். உருவாகவில்லை என்றால் அது அசைபோடுதல். எழுந்து, கையும் கண்ணும் ஈடுபடும் ஒரு வேலைக்கு மாறுங்கள். கேள்வியின் வடிவத்தை மாற்றுவதும் உதவும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. "இன்று மாலை நாலு மணிக்கு என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்யப் போகிறேன்" என்ற கேள்விக்குப் பதில் உண்டு.

கவலைக்கு, 1980களிலிருந்து கையாளப்பட்டு வரும் ஒரு முறை இருக்கிறது. போர்கோவெக் குழுவினர் ஆராய்ந்தது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். படுக்கும் நேரத்துக்கு அருகில் வேண்டாம். மற்ற வேளைகளில் கவலை எழும்போது அதை ஒரு வரியில் குறித்துவைத்து, "மாலை ஆறு மணிக்கு" என்று சொல்லித் தள்ளிவையுங்கள். கவலைப்படாதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. பிறகு என்று சொன்னால் பல சமயம் கேட்கும். ஆறு மணிக்குத் தாளை எடுத்துப் பார்க்கும்போது பாதிக் கவலைகள் ஆறிப்போயிருப்பதைப் பலரும் ஆச்சரியத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் படுக்கை பகலில் ஒளியும் இடமாகவும் இரவில் போர்க்களமாகவும் ஆகியிருக்கிறது. 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த விதிகள் இதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. உறக்கம் கண்ணை அழுத்தும்போது மட்டும் படுங்கள். கால் மணி நேரம் போல ஆகியும் உறக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியான ஏதாவது செய்துவிட்டு, உறக்கம் வந்ததும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள்; பகலில் படுக்க வேண்டாம். முதல் வாரம் கடினமாகவே இருக்கும். எல்லாப் பயிற்சிகளிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், காலையில் ஒரே நேரத்தில் எழுவதைத்தான் நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மற்றவை எல்லாம் அதன் மேல் நிற்கின்றன.

எல்லா அச்சமும் பொய்யான அச்சம் அன்று. மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சையில், உணர்ச்சி தூண்டுவதற்கு எதிரான செயலைச் செய்யும் பயிற்சிக்கு முன்னால் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது: இந்த உணர்ச்சி நடப்புக்குப் பொருந்துகிறதா? வீட்டில் கைநீட்டும் ஒருவரிடமோ, நாள்தோறும் இழிவுபடுத்தும் மேலதிகாரியிடமோ எழும் அச்சம் உங்களைக் காக்க வந்தது. அங்கே எதிர்கொள்ளும் பயிற்சி தேவையில்லை. பாதுகாப்பும் உதவியும் வெளியேறும் வழியுமே தேவை. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் "பயத்தை எதிர்கொள்" என்று எல்லோருக்கும் சொல்வது தீங்கானது.

இவற்றைத் தனியாகச் செய்யக் கூடாத நிலைகளையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாகவோ திட்டமாகவோ மாறினால், எந்தப் பயிற்சிக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடமோ அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ போக வேண்டும். அருகிலிருக்கும் ஒருவரிடம் அதே சொற்களில் சொல்லிவிட வேண்டும். நேரடியாகச் சொல்வதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. உறக்கமே இல்லாமல் பேச்சும் திட்டங்களும் பெருகி ஓடும் நாட்கள் எப்போதாவது வந்திருந்தால், அதை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே மாறலாம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரக்கூடும் என்பதால் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சற்றுத் தேறியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதை நான் அதிகம் பார்க்கிறேன். எவ்வளவு நலமாகத் தோன்றினாலும் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உறக்கத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவைப் பல காலமாக நாள்தோறும் அருந்துபவர் அதைத் திடீரென்று நிறுத்தினாலும் இதே ஆபத்து உண்டு.

முன்னேற்றத்தை உணர்வை வைத்து அளக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விச் சோர்வு வினாத்தாளையும் (PHQ-9) ஏழு கேள்விப் பதற்ற வினாத்தாளையும் (GAD-7) நிரப்பித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் 27, பின்னதில் 21 உச்ச மதிப்பெண். எதிலாவது 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனம் தேவை. சோர்வு வினாத்தாளில் ஐந்து புள்ளி இறங்கினால் அது மெய்யான மாற்றம். பெரும்பாலும் செயல் முதலில் மாறும், உறக்கம் அடுத்து, மனநிலை கடைசியாக. நடுவில் வரும் மாதத்தில் எல்லாவற்றையும் செய்தும் எதுவும் மாறாததுபோல் தோன்றும். அதிகம் பேர் கைவிடுவது அங்கேதான். முறையான சிகிச்சையே 12 முதல் 16 அமர்வுகள் நீளும் என்பதை வைத்து, உங்களுக்கு நீங்கள் தரும் அவகாசத்தை முடிவு செய்யுங்கள். ஒரு சிகிச்சையாளர் கிடைத்தால் இந்தத் தாள்களோடு போங்கள். முதல் மூன்று அமர்வுகளின் வேலை முடிந்திருக்கும்.

உடன் இருப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காக அவர்கள் போனை எடுப்பதும், உங்கள் சார்பில் பொய்க் காரணம் சொல்வதும் அன்பினால்தான். ஆனாலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கு மாற்றாக, காலை 7.30க்கு வாசலில் உங்களோடு வந்து நிற்கச் சொல்லுங்கள்.

தேறிய பிறகும் மோசமான வாரம் ஒன்று வரும். அது வரும்போது யோசிக்கும் தெம்பு இருக்காது என்பதால், நலமாக இருக்கும் ஒரு நாளிலேயே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். மேலே, சரிவு தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுக்கும் இரண்டு அடையாளங்கள். அந்த உறைக்காரருக்கு அவை, தபாலைக் குப்புறப் போடுவதும் பகல் 11 மணிக்குப் படுப்பதும். நடுவில், அந்த வாரம் விடக்கூடாத மூன்று செயல்கள், மிகச் சிறிய அளவில். கீழே, அழைக்க வேண்டிய ஒருவரின் பெயரும் எண்ணும், மருத்துவரின் எண்ணும். அவருடைய தாளில் மூன்றாவது செயலாக எழுதப்பட்டிருந்தது: "வந்த தபாலை அன்றே பிரித்துவிட வேண்டும், படிப்பது கட்டாயமில்லை."